"எங்க வேலையே இப்படித்தான்க்கா" என்று சொல்லும் நிருபர் தம்பி

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். உங்கள் தம்பி நான்கு வருடமாக ஒரு தொலைக்காட்சிக்கு மாவட்ட நிருபர். 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தபோது பக்கத்து மாவட்டத்திலிருந்து அவரையும் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்திருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து மாதக்கணக்காகச் சரியான தூக்கமில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குக்கூட வரமாட்டேன் என்கிறார். கேட்டால் "எங்க வேலையே இப்படித்தான்க்கா" என்று முடித்துவிடுகிறார். இது சகஜமா, டாக்டரிடம் போகணுமா, வேலையை விடச் சொல்லலாமா? மூன்று கேள்வி.

சகஜம் இல்லை. போகணும். வேலையை விடச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு. ஏன் என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை, இருபது வருடத்துக்கு மேல் நிருபராகவும் அப்புறம் டெஸ்க்கிலும், அதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிற பிரிவிலும், குப்பை கொட்டியவன். இதெல்லாம் அடிபட்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 94 குழந்தைகள். எனக்கு அப்போது வேலையில் இரண்டாவது வருடம். என்னை ஆஸ்பத்திரியில் நிறுத்தி ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள், பெயர்ப் பட்டியல். பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு. கேட்பதற்குச் சுலபமான வேலை. ஆனால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அது ஒரே குழந்தையா, இரண்டு குழந்தைகளா என்று உறுதி செய்ய வேண்டும், அதை அங்கே தரையில் உட்கார்ந்திருக்கிற தாய் தகப்பனிடம்தான் கேட்க முடியும். கேட்டேன். ராத்திரி போனில் பட்டியலைப் படித்துச் சொல்லும்போது டெஸ்க்கில் இருந்தவர், "இனிஷியலைச் சரியாச் சொல்லுப்பா, தப்பாப் போயிடப் போகுது" என்றார். அவர் சொன்னது சரிதான். இனிஷியல் தப்பாக அச்சானால் மறுநாள் அந்த வீட்டுக்கு அதுவும் ஒரு அடி. நான் நோட்டைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அன்று நான் அழவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்றுகூட ஞாபகம். அடுத்த ஜனவரியில் போகியன்று விடிகாலை, எங்கள் தெருவில் யாரோ பழைய கீற்றை இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரையும் கீற்றுதான். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, அடுத்து எனக்குத் தெரிந்தது நான் கொல்லைப்பக்கம் கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் போகிக்கு ஏதாவது சாக்குச் சொல்லி ஊரில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, வீசிங் என்று நினைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். டெல்டாவில் அன்று வேலை பார்த்த நிருபர்கள், போட்டோகிராபர்கள் பலர் அரை வருடத்துக்குள் இரண்டையும் பார்த்தவர்கள். எங்களை யாரும் "எப்படிப்பா இருக்கே" என்று கேட்கவில்லை, எங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கத் தோன்றவில்லை. எத்தனை பக்கம் செய்தி கொடுத்தோம் என்றுதான் பேசிக்கொண்டோம்.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்று சொல்வது, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தப் பெயரில் ஏறியது. வியட்நாம் போருக்குப் போய்வந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து வந்த பெயர், அதனால் இது ராணுவத்துக்காரர்களுக்கு வருவது என்று ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடையாளங்கள் நான்கு வகை. பார்த்தது கேட்காமலே திரும்பத் திரும்ப வருவது, கனவாகவோ, போகிப் புகை மாதிரி திடீரென்றோ. அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்கிவிட்டுப் போவது. மனம் மரத்து, யார்மேலும் எதன்மேலும் பிடிப்பில்லாமல் போவது. எப்போதும் யாரோ பின்னால் வருகிற மாதிரி உஷாராக இருப்பது. தூக்கம் போவதும் எரிந்து விழுவதும் இந்தக் கடைசி வகை. இதெல்லாம் ஒரு பெரிய சம்பவத்துக்குப் பிறகு சில நாள், சில வாரம் யாருக்கும் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நின்று, வேலையையும் வீட்டையும் குலைத்தால்தான் மருத்துவர்கள் கோளாறு என்று பார்க்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் தம்பி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட மாதிரிதான் தெரிகிறது. திருவிழாவுக்கு வரமாட்டேன் என்பதைத்தான் நான் கவனிப்பேன். நெரிசலில் குழந்தைகள் இறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் குழந்தையோடு கூட்டத்துக்குள் போகமாட்டேன் என்கிறார்.

செய்தியாளர்களுக்கும் இது வருமா என்றால், வரும். கனடாவில் ஆன்டனி ஃபைன்ஸ்டீன் என்று ஒரு மனநல மருத்துவர், 2002-ல் போர்முனைச் செய்தியாளர்கள் 140 பேரைப் போருக்குப் போகாத 107 செய்தியாளர்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். போர்முனைக்குப் போனவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி., 21.4 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு. இதைவிட என்னை உட்கார வைத்த தகவல் வேறு. இவ்வளவு பாதிப்பு இருந்தும் இவர்கள் மற்ற செய்தியாளர்களைவிட அதிகமாக டாக்டரிடம் போகவில்லை. "எங்க வேலையே இப்படித்தான்" என்பது உலகம் முழுக்க ஒரே வசனம் போல.

ஆனால் அந்த ஆய்வை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு. போர்முனைச் செய்தியாளர் பெரும்பாலும் ஒரு நாள் விமானம் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார், சம்பவம் வேறு கண்டத்தில் இருக்கும். நம் மாவட்ட நிருபர் எங்கே போவது? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகணும். பத்தாம் நாள், முப்பதாம் நாள், முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று ஒவ்வொன்றுக்கும் அதே வாசலில் மைக்கோடு போய் நிற்கணும். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிடக் கடுமை; 2006 மே மாதம் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டு இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள், அங்கே செய்தி எழுதுபவரும் செய்தியில் வருபவரும் ஒரே ஆள்.

இன்னொன்று, களத்துக்குப் போகாதவர்கள். உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் தம்பியோடு வேலை பார்க்கிற வீடியோ எடிட்டர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விபத்து, ஒரு வெட்டு, ஒரு நெரிசல் என்றால் களத்திலிருந்து வரும் வீடியோ எல்லாம் ஒரு எடிட்டரிடம் வந்து விழும். முகமும் ரத்தமும் தெரியாமல் ப்ளர் போட்டு மங்கலாக்க வேண்டும். ப்ளர் தானாக நகராது, உடல் அசைய அசைய அதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த வேண்டும். ஊரே பார்க்கக்கூடாது என்பதற்காக ஒரு பையன் அதை முன்னும் பின்னும் ஓட்டி நாற்பது தடவை பார்க்கிறான். எங்கள் டெஸ்க்கில் அப்படி ஒருவர் இருந்தார். நாள் முழுக்க இதைச் செய்துவிட்டு, "சார், சாப்பாட்டில் மட்டன் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்வார். நாங்கள் சைவம் மாறிட்டீங்களா என்று கிண்டல் பண்ணினோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த அமெரிக்கக் கையேடு 2013-ல் திருத்தப்பட்டபோது இதைப் பற்றித் தெளிவாக ஒரு வரி சேர்த்தார்கள். டிவியிலோ படத்திலோ பார்த்ததெல்லாம் இந்தக் கோளாறுக்கான காரணமாகக் கணக்கில் வராது, வேலை நிமித்தமாகப் பார்த்தால் தவிர. அந்த "தவிர" இவர்களுக்காகத்தான். அடுத்த வருடம் ஃபைன்ஸ்டீன் குழுவே செய்தி அறைகளில் இப்படி வன்முறைக் காட்சிகளைக் கையாளும் 116 பேரை ஆராய்ந்து பார்த்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார்கள் என்பதுதான் அதிகம் பாதிக்கிறது என்று வந்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தால் பழகிவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிர். டெஸ்க்கில் இருப்பவர்கள் யாராவது படித்தால் இதைச் செய்யுங்கள்: சத்தத்தை நிறுத்திவிட்டு எடிட் பண்ணுங்கள், காட்சியைவிட அலறல்தான் அதிகம் தங்கும். திரையைச் சின்னதாக்குங்கள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எச்சரிக்கை இல்லாமல் அப்படியே வீடியோவைப் போடாதீர்கள், லேஅவுட் பார்க்கிற பெண்ணுக்கு அது எதற்கு?

இவ்வளவும் பார்ப்பதால் வருவது. எனக்கென்னவோ இதைவிட ஆழமாக அறுப்பது, செய்யச் சொல்லிச் செய்வதுதான். "போட்டோ வாங்கிட்டு வா" என்று ஒரு கட்டளை உண்டு. இறந்தவரின் பாஸ்போர்ட் சைஸ் படமோ குடும்பப் படமோ, உடல் வீட்டுக்கு வருவதற்குள் வாங்கியாகணும், போட்டி சேனல்காரன் வாங்குவதற்கு முன்னால். சில சமயம் வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது, நிருபர் போய் நின்றதால்தான் தெரியவரும். அப்புறம் அம்மாவிடம் மைக்கை நீட்டி "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்கணும். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது தீபாவளியும் சேர்ந்து நான்கு நாள் நேரலை ஓடியது. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாத மணி நேரங்களில் நிருபர்கள் நம்பிக்கையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், பேசச் சொன்னார்கள். அதில் ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னது, "நான் பொய் சொன்ன மாதிரியே இருக்குண்ணே." அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஒன்றில் பங்கெடுத்த உணர்வு அது, ஆங்கிலத்தில் மாரல் இஞ்சுரி என்று இப்போது தனியாகவே பேசுகிறார்கள். பயமும் இதுவும் வேறு வேறு. பயத்துக்கு மாத்திரை கொஞ்சம் கேட்கும். இதற்கு ஆற அமர யாரிடமாவது பேசித்தான் ஆகணும். உங்கள் தம்பி கரூரில் என்ன பார்த்தார் என்பதைவிட, அங்கே அவரை என்ன செய்யச் சொன்னார்கள் என்பது முக்கியமாக இருக்கலாம்.

சூடான் பஞ்சத்தில் கழுகும் குழந்தையும் படம் எடுத்த போட்டோகிராபர் கெவின் கார்ட்டர் கதையை இந்த இடத்தில் யாராவது கொண்டுவருவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. "குழந்தையைக் காப்பாற்றாத குற்ற உணர்ச்சியில் இறந்தார்" என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வரும். 1994 ஏப்ரலில் புலிட்சர் பரிசு அறிவித்த சில நாட்களிலேயே அவருடைய நெருங்கிய நண்பரும் சக போட்டோகிராபருமான கென் ஊஸ்டர்புரூக் தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார், பல வருடக் கலவர வேலை, கடன், போதை எல்லாம் கூட இருந்தன. அந்தக் குழந்தை அன்று சாகவில்லை என்றும் பிற்பாடு செய்தி வந்தது. ஒரு மனிதனின் மொத்தச் சிதைவையும் நீதிக்கதையாக்கி ஃபார்வர்டு பண்ணுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இதற்கெல்லாம் மேல் பிழைப்பு. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-ல் வந்தது, நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது, அதாவது வாரத்துக்கு 36. சிரிப்பு வருகிறதா? அதுவும் பத்திரிகைக்காரர்களுக்குத்தான், டிவிக்காரர்கள் அதில் வரவே இல்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில்தான் மின்னணு, டிஜிட்டல் ஊடகக்காரர்களும் அந்த வரையறைக்குள் வந்திருக்கிறார்கள். தாலுகா நிருபர்கள் பலருக்குச் சம்பளம் என்று ஒன்றே கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று வரும், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வரும். காலையில் எந்த எம்.எல்.ஏ.வைப் பற்றிச் செய்தி கொடுத்தாரோ அவரிடமே சாயங்காலம் கால்பக்க வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்கிறவனுக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? பெண்களுக்கு இன்னொரு சுமை கூட. ஒரு கேள்வி கேட்டால் அன்று ராத்திரியே போட்டோவோடு ஆபாசப் பதிவு சுற்றும். 2018-ல் பெண் பத்திரிகையாளர்களையே மொத்தமாக இழிவுபடுத்தி ஒரு முகநூல் பதிவு பகிரப்பட்டது, அந்த வழக்கில் தண்டனை வர 2024 ஆனது. தூக்கமின்மைக்குக் கரூர் மட்டும்தான் காரணமா, மூன்று மாதச் சம்பள பாக்கியும் காரணமா என்று தம்பியிடம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் பெரும்பாலும்.

நிர்வாகத்துக்குப் பொறுப்பே இல்லையா என்றால், உண்டு என்று ஒரு கோர்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் ஆஸ்திரேலியாவில். மெல்போர்னின் தி ஏஜ் நாளிதழில் பத்து வருடம் இருந்த ஒரு பெண் நிருபர், 32 கொலைச் செய்திகள் எழுதியவர். பாதிப்பைச் சொல்லியிருந்தும் பின்னாளில் அவரைக் கோர்ட் பீட்டுக்கு (பீட் என்றால் ஒரு நிருபருக்கு ஒதுக்கும் துறை) அனுப்பினார்கள், அங்கேயும் குழந்தைக் கொலை வழக்கு. 2019-ல் அவருக்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பானது, நிறுவனம் மேல்முறையீட்டிலும் தோற்றது. நம் ஊரில் அதிகபட்சம் என்ன நடக்கும் என்றால், ஒரு மோட்டிவேஷனல் ஸ்பீக்கரைக் கூட்டிவந்து ஏ.சி. ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைத்து ஒரே தடவையில் பேச வைப்பது பயன் தருவதில்லை என்று பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. கருணை இருந்தால் இரண்டு நாள் லீவு கொடுங்கள், அடுத்த சாவுக்கு வேறு ஆளை அனுப்புங்கள். அது போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. "உனக்கு ஏதோ ஆயிடுச்சு, டாக்டரைப் பார்" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவை மூடிக்கொள்வார். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறே, எத்தனை தடவை முழிக்கறே" என்று தூக்கத்தில் ஆரம்பியுங்கள், தூக்கத்தைப் பற்றிப் பேச எந்த ஆம்பளைக்கும் கூச்சம் கிடையாது. டாஸ்மாக் பழக்கம் கூடியிருக்கிறதா என்று மனைவிக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். நிருபருக்குச் சீட்டில்லாமலே கொடுப்பார்கள், அந்த மாத்திரைகள் இந்தக் கோளாறைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். முறையான சிகிச்சை வேறு. நடந்ததைப் பயிற்சி பெற்றவரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி அதன் கூர்மையை மழுக்குவது முதல் வழி, தேவைப்பட்டால் செர்ட்ரலின் மாதிரி மருந்து. எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது.

எங்கே போவது என்பதில் ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது, இதை வெளியாட்கள் யோசிக்க மாட்டார்கள். எந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ஆனால் மாவட்ட நிருபருக்கு ஜி.எச்.சில் டீன் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் தெரியும். மனநலப் பிரிவு வரிசையில் சீட்டோடு நின்றால் மத்தியானத்துக்குள் பிரஸ் குரூப்பில் வந்துவிடும் என்ற பயம், பொய்யான பயமும் இல்லை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பண்ணியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். நான் திருச்சிக்குத்தான் போனேன், வீட்டில் திருச்சியில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு. 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, உடல் நோய்க்குக் கிடைப்பது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, கம்பெனிப் பாலிசி இருந்தால் கேட்டுப் பாருங்கள். நேரில் போக மனமில்லாவிட்டால் முதலில் 14416-க்குப் போன் பண்ணட்டும், டெலி மனஸ், இலவசம், தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் இந்தத் தள்ளிப்போடல் எதுவும் வேண்டாம், அவரைத் தனியாக விடாமல் அன்றே, எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கூட்டிப் போங்கள்.

வேலையை விடச் சொல்லாதீர்கள் என்றேன். இந்த நிலைமையில் எடுக்கிற பெரிய முடிவு பெரும்பாலும் தப்பாகப் போகும், தவிர அந்த வேலைதான் அவருக்கு ஊரில் ஒரு முகம். பீட் மாற்றிக் கேட்கலாம். ஆறு மாதம் விவசாயம், கல்வி, ஊராட்சி என்று பார்க்கட்டும். நிருபர்களுக்கு வேலை ஒதுக்குகிற இன்புட் பிரிவில் இருப்பவர் மனிதராக இருந்தால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுப்பார்.

கடைசியாக ஒன்று, நாளைக்கே செய்யக்கூடியது. அவர் போனின் கேலரியைத் திறந்து பாருங்கள், அவர் அனுமதியோடுதான். குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்த படமே பிணவறையாக இருக்கும், எல்லா நிருபர் போனும் அப்படித்தான். அலுவலகத்துக்கு அனுப்பிவிட்ட ஃபுட்டேஜ் அங்கேயே பத்திரமாக இருக்கும், வழக்கு விசாரணைக்குத் தேவைப்படலாம் என்றால் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போனில் இருப்பதை அழிக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த செப்டம்பர் 27 அன்று காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கூகுள் போட்டோஸ் தானாகவே, இதே நாளில் என்று பாட்டுப் போட்டுக் காட்டும்.